நான்கு பக்க ஆய்வுக் கட்டுரையைக் கணினி மாநாட்டுக்கு அனுப்புதல்: வன்னி மாணவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

வவுனியா பம்பைமடுவிலும் கிளிநொச்சி அறிவியல் நகரிலும் இறுதியாண்டுச் செயற்றிட்டம் முடிக்கும் மாணவர்களிடம் மாநாட்டுக்குப் போகக்கூடிய வேலை நிறைய இருக்கிறது. அதில் கணிசமானவை மதிப்பாய்வாளர் கையில் படாமலே திரும்பி வருகின்றன. பக்கம் கூடிவிட்டது, பெயரை மறைக்கவில்லை, கணக்கு திறக்கவில்லை, நேரத்தைப் பிழையாகக் கணக்கிட்டாயிற்று என்று காரணங்கள் சின்னவை. படிகளை மாற்றிச் செய்வதால்தான் இவை வருகின்றன. கீழே உள்ள ஒழுங்கில் செய்தால் உங்கள் ஆய்வை ஒருவர் உட்கார்ந்து படிப்பார். ஏற்பதா இல்லையா என்பது அதற்குப் பிறகு.

கடைசித் திகதிக்குக் குறைந்தது பத்து வாரம் முன்பே தொடங்குங்கள்.

## 1. எழுதுவதற்கு முன் கையில் இருக்கவேண்டியவை

முதலாவது, நெறிமுறைக் குழுவின் அனுமதி. விவசாயிகளிடம் படம், குரல், பேட்டி என எதை எடுத்தாலும் எடுக்கும் முன்பே இது வேண்டும். தரவைச் சேர்த்த பிறகு பின்திகதியிட்டு யாரும் தரமாட்டார்கள். அனுமதி இல்லாத தரவில் கட்டுரை எழுதினால் சில மாநாடுகளின் படிவத்தில் அந்தக் கேள்விக்கு உண்மையாகப் பதில் எழுதவே முடியாது.

இரண்டாவது, ஓர்க்கிட் எண், அதாவது ஒவ்வோர் ஆய்வாளருக்கும் உலகளவில் உள்ள தனி அடையாள எண். பதினாறு இலக்கம், இலவசம், ஐந்து நிமிட வேலை. நம் பெயர்களுக்கு இது மிக அவசியம். தந்தை பெயர் கந்தசாமி, உங்கள் பெயர் கவிதா என்று வைத்துக்கொள்வோம். அடையாள அட்டையில் கந்தசாமி முதலில் வரும். இணையப் படிவமோ முதற்பெயர், கடைசிப்பெயர் என்று கேட்கும். ஒரு கட்டுரையில் ஒரு விதமாகவும் அடுத்ததில் வேறு விதமாகவும் நிரப்பினால், மேற்கோள் பட்டியல்களில் இரண்டு ஆட்களாகிவிடுவீர்கள். கடைசிப்பெயர்ப் பெட்டியில் எது போகிறதோ அந்தப் பெயரால்தான் உங்களை மேற்கோள் காட்டுவார்கள். இன்றே ஒரு வடிவத்தைத் தீர்மானித்து எல்லா இடத்திலும் அதையே எழுதுங்கள்.

மூன்றாவது, பல்கலைக்கழக மின்னஞ்சலும் மாநாட்டுத் தளத்தின் கணக்கும். பல மாநாடுகள் கட்டுரைகளைப் பெற்று மதிப்பாய்வு செய்யும் ஓப்பன் ரிவியூ தளத்தில் ஜிமெயில் போன்ற முகவரியால் பதிந்தால் கணக்கைச் சரிபார்த்துத் திறக்க இரண்டு வாரம் வரை ஆகலாம். பல்கலைக்கழக முகவரியில் பதிந்தால் இந்தக் காத்திருப்பு இராது. மேற்பார்வையாளர் உட்படக் கட்டுரையில் பெயர் வரும் எல்லோருக்கும் கணக்கு வேண்டும். கடைசி நாளில் அவரைத் தொலைபேசியில் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

## 2. மாநாட்டைத் தெரிவுசெய்தல்

முதலில் மாநாடு, பிறகு எழுத்து. பக்க அளவு, டெம்ப்ளேட் என்ற வடிவமைப்புக் கோப்பு, பெயர் மறைத்தல் எல்லாவற்றையும் மாநாடுதான் தீர்மானிக்கிறது. பொதுவாக எழுதிவிட்டுப் பிறகு வெட்டி ஒட்டினால் வேலை இரட்டிக்கும்.

கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிப் பள்ளி நடத்தும் ஐசிடர், மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் மேர்கொன் ஆகியவை நம்மவர்கள் பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்தில் உள்ளவை. தமிழ் மொழிக் கணிமை செய்பவர்களுக்கு கணினி மொழியியல் சங்கமான ஏசிஎல் அமைப்பின் மாநாடுகளோடு சேர்ந்து நடக்கும் திராவிட மொழிப் பட்டறைகள் பொருத்தம். அங்கே மதிப்பாய்வாளருக்குத் தமிழின் சிக்கலை அடியிலிருந்து விளக்கத் தேவையில்லை.

பெயர் பெரியதாக இருக்கிறதென்று நம்பவேண்டாம். மின்னஞ்சலில் தானாக வரும் அழைப்பு, மூன்று நாளில் முடிவு சொல்லும் வாக்குறுதி, கணினியும் மருத்துவமும் முகாமைத்துவமும் ஒரே மாநாட்டில் என்றால் விலகுங்கள். சோதிக்கும் வழி எளிது. சென்ற ஆண்டு அதே மாநாட்டில் வந்த ஒரு கட்டுரையை ஐட்ரிபிள்ஈ, ஏசிஎம் ஆகிய தொழில்சார் சங்கங்களின் இணைய நூலகங்கள் (ஐட்ரிபிள்ஈயினது எக்ஸ்புளோர்), ஏசிஎல் தொகுப்பு, கணினி ஆய்வுகளின் பட்டியலான டிபிஎல்பி ஆகியவற்றில் தேடிப் பாருங்கள். “ஐட்ரிபிள்ஈ” என்று சுவரொட்டியில் போட்டுவிட்டு எக்ஸ்புளோரில் ஒன்றும் இல்லையென்றால் அங்கே பணம் கட்டாதீர்கள்.

ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு மாநாட்டுக்கு அனுப்பக்கூடாது. பிடிபட்டால் இரண்டிலும் நிராகரிப்பார்கள், மேற்பார்வையாளர் பெயரும் சேர்ந்து கெடும்.

## 3. திகதிகளை இலங்கை நேரத்துக்கு மாற்றுதல்

அறிவிப்பில் “பூமியில் எங்காவது” என்ற பொருளில் ஏஓஈ என்று போட்டிருப்பார்கள். அது உலக நேரத்துக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் பின்னால். நாம் ஐந்தரை மணித்தியாலம் முன்னால். ஆகவே 15ஆம் திகதி இரவு 11:59 ஏஓஈ என்றால் நமக்கு 16ஆம் திகதி மாலை 5:29. சில தளங்கள் அமெரிக்கப் பசிபிக் நேரத்தைக் காட்டும். அப்போது கோடைகாலத்தில் மறுநாள் பிற்பகல் 12:29, குளிர்காலத்தில் 1:29. மாற்றிய நேரத்தைக் கட்டிலுக்கு மேலே ஒட்டுங்கள்.

பல மாநாடுகளில் திகதி இரண்டு. சுருக்கத்துக்கு ஒன்று, ஒரு வாரம் கழித்து முழுக் கட்டுரைக்கு ஒன்று. முதலாவதைத் தவறவிட்டவருக்கு இரண்டாவது கிடையாது. புதியவர்கள் அதிகம் விழும் குழி இது. “கட்டுரைத் திகதி” என்ற வரியை மட்டும் வாசித்துவிட்டு ஆறுதலாக இருந்துவிடுகிறார்கள்.

ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை திகதி விழுந்தால் உங்கள் சொந்தக் கடைசி நாளை இரண்டு நாள் முன்னால் வையுங்கள். மாரி மழையில் மின்சாரமும் சிக்னலும் போவது வன்னியில் புதிதல்ல. மாநாட்டுக்காரர் அதைக் காரணமாக ஏற்கமாட்டார்.

## 4. ஒரே ஒரு கூற்று

நான்கு பக்கத்தில் ஒரு விடயம்தான் நிற்கும். எண்பது பக்க ஆய்வறிக்கையைச் சுருக்கினால் அது குறுங்கட்டுரை ஆகாது. ஒவ்வொரு அத்தியாயத்திலிருந்தும் ஒரு பந்தி எடுத்து ஒட்டிய கட்டுரையை மதிப்பாய்வாளர் முதல் பக்கத்திலேயே இனங்கண்டுவிடுவார்.

ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். “நெல் இலை நோயைக் கண்டறியும் கைபேசிச் செயலியை உருவாக்கினோம்” என்பது கூற்று அல்ல, செய்த வேலை. “ஒரு குளத்தின் கீழுள்ள வயல்களில் பயிற்றுவித்த மாதிரி வேறொரு குளத்து வயல்களில் துல்லியத்தை இழக்கிறது, புதிய இடத்தின் ஐம்பது படங்களைச் சேர்த்தால் பெரும்பகுதி மீள்கிறது” என்பது கூற்று. (மாதிரி என்பது இங்கே படங்களிலிருந்து கற்கும் கணினி நிரல்.) அதைச் சோதிக்கலாம், மறுக்கலாம், இன்னொருவர் பயன்படுத்தலாம். வலைத்தளமும் கடவுச்சொல் பக்கமும் எப்படிக் கட்டினீர்கள் என்பது இந்தக் கட்டுரைக்கு வேண்டாம்.

## 5. அட்டவணையை முதலில் முடித்தல்

எழுதத் தொடங்கும் முன் முடிவு அட்டவணை முழுமையாக இருக்கவேண்டும். அட்டவணை மாறினால் கூற்று மாறும், கூற்று மாறினால் அறிமுகம் மாறும். அறிமுகத்தை முதலில் அழகாக எழுதியவர்கள் கடைசி வாரத்தில் எண்களை அதற்கு ஏற்றபடி தேடத் தொடங்குகிறார்கள். அது ஆபத்தான இடம்.

நிராகரிப்புக்குப் பெரிய காரணம் தரவைப் பிரித்த விதம். இரணைமடு, முத்தையன்கட்டு, பாவற்குளம் ஆகிய மூன்று குளங்களின் வயல்களில் மொத்தம் 1200 படங்கள் எடுத்தீர்கள் என்று கொள்வோம். எரிபந்தம், கபிலப் புள்ளி, நோயற்றது என மூன்று வகை. படங்களைக் குலுக்கி 80க்கு 20 எனப் பிரித்தால் ஒரே செடியை இரண்டு கோணத்தில் எடுத்த இரு படங்களில் ஒன்று பயிற்சியிலும் மற்றது சோதனையிலும் போய்விடும். மாதிரி நோயைப் படிக்காமல் அந்த வயலின் மண்ணையும் வெளிச்சத்தையும் மனப்பாடம் செய்யும். துல்லியம் 98, 99 என்று ஏறும். அந்த எண்ணைக் கண்டதும் அனுபவமுள்ள மதிப்பாய்வாளர் முதலில் தேடுவது எப்படிப் பிரித்தீர்கள் என்பதைத்தான்.

வயல் வாரியாகப் பிரியுங்கள். ஒரு வயலின் எல்லாப் படங்களும் ஒரே பக்கம் போகட்டும். இன்னும் நல்லது, இரண்டு குளத்து வயல்களில் பயிற்றுவித்து மூன்றாவதில் சோதிப்பது. துல்லியம் விழும். விழுந்த எண்தான் நம்பத்தக்கது, அதை வைத்துத்தான் ஒரு விவசாயிக்குச் செயலியைக் கொடுக்கலாமா என்று சொல்லமுடியும். இதற்காகவே படம் எடுக்கும்போது கோப்பின் பெயரில் குளம், வயல் எண், செடி எண், திகதி நான்கையும் போடுங்கள். வொட்ஸ்அப்பில் அனுப்பிச் சேர்க்காதீர்கள். அது படத்தைச் சுருக்கும், கமராவின் திகதித் தகவலையும் அழித்துவிடும்.

அடுத்தது, ஒப்பிட எளிய முறை ஒன்று. உங்கள் பெரிய மாதிரிக்குப் பக்கத்தில் சாதாரண முறை ஒன்றின் எண்ணும் அதே தரவில் இருக்கவேண்டும். அது இல்லாமல் 87 நல்லதா கெட்டதா என்று யாருக்கும் தெரியாது.

பரிசோதனையை ஒரு தடவை ஓட்டி நிறுத்தாதீர்கள். தற்செயல் தெரிவுகளைத் தீர்மானிக்கும் தொடக்க விதை எண்ணை மாற்றி ஐந்து தடவை ஓட்டி, சராசரியும் விலகலும் போடுங்கள். சோதனைத் தொகுதியில் 200 படம் என்றால் ஒரு சதவீதம் என்பது இரண்டே படம். 86.5க்கும் 87.5க்கும் உள்ள வித்தியாசத்தை வெற்றி என்று எழுதினால் கூற்று அங்கேயே உடையும்.

## 6. டெம்ப்ளேட்டை எடுத்தல்

மாநாட்டுப் பக்கத்தில் உள்ள இந்த ஆண்டின் டெம்ப்ளேட்டை மட்டும் எடுங்கள். சீனியர் அனுப்பிய பழைய கோப்பு வேண்டாம். ஐட்ரிபிள்ஈ டெம்ப்ளேட்டில் பக்கத்துக்கு இரண்டு நிரல், ஸ்பிரிங்கர் பதிப்பகத்தின் எல்என்சிஎஸ் டெம்ப்ளேட்டில் ஒரு நிரல், ஆகவே ஒன்றில் நான்கு பக்கம் மற்றதில் நான்கு பக்கம் அல்ல. லேடெக் என்பது கட்டுரையை வடிவமைத்து பிடிஎஃப் ஆக்கும் மென்பொருள். அதற்கான ஐட்ரிபிள்ஈ வகுப்புக் கோப்பு இயல்பாக அமெரிக்க லெட்டர் தாளில் திறக்கும். மாநாடு ஏ4 கேட்டால் முதல் வரியில் அந்தத் தெரிவைச் சேர்க்கவேண்டும்.

மேற்கோள் பட்டியல் பக்க எண்ணிக்கைக்குள் வருகிறதா என்று பாருங்கள். ஏசிஎல் குறுங்கட்டுரையில் உள்ளடக்கம் நான்கு பக்கம், மேற்கோள் அதற்கு வெளியே, ஆய்வின் குறைகளையும் எல்லைகளையும் சொல்லும் பகுதி கட்டாயம், அதுவும் வெளியே. வேறு பல மாநாடுகளில் எல்லாம் உள்ளேதான்.

லேடெக்கை இணையத்திலேயே ஓட்டும் ஓவர்லீஃப் தளத்தின் இலவசக் கணக்கில் தொகுக்கும் (பிடிஎஃப் ஆக்கும்) நேரத்துக்கு வரம்பு உண்டு. கைபேசிப் படங்களை அப்படியே போட்டால் நேரம் முடிந்து நின்றுவிடும். சுருக்கிப் போடுங்கள். மடிக்கணினியிலும் லேடெக்கை நிறுவி வையுங்கள். மிக்டெக் என்ற லேடெக் நிறுவலை வைத்திருப்பவர்கள் கவனிக்கவேண்டியது: அது தேவைப்படும் துணைப் பொதியை அந்த நேரத்தில் இணையத்திலிருந்து இறக்கும். ஆகவே கட்டுரையை ஒரு தடவை முழுதாகத் தொகுத்துப் பார்த்துவிட்டால் பிறகு இணையம் இல்லாமலும் ஓடும்.

இடம் போதாதென்று எழுத்தின் அளவையும் வரிகளுக்கிடையே உள்ள இடைவெளியையும் குறைப்பது டெம்ப்ளேட் மீறல். வாக்கியத்தை வெட்டுங்கள்.

## 7. எழுதும் ஒழுங்கு

அட்டவணை, படம், பரிசோதனை, முறை, தொடர்புள்ள ஆய்வுகள், அறிமுகம், சுருக்கம், தலைப்பு. வாசிக்கும் ஒழுங்குக்குக் கிட்டத்தட்ட நேர் எதிர். என்ன கண்டோம் என்று தெரிந்த பிறகுதான் எதை அறிமுகம் செய்வதென்று தெரியும்.

நான்கு பக்கத்துக்கு நல்ல அளவு இது: அறிமுகம் முக்கால் பக்கம், தொடர்புள்ள ஆய்வு அரை, முறையும் தரவும் ஒன்றேகால், பரிசோதனை ஒன்றேகால், முடிவு கால். ஆழ்கற்றல் என்றால் என்ன என்று விளக்க இதில் இடமில்லை, தேவையும் இல்லை. ஆனால் நம் இடம் பற்றி இரண்டு வரி கட்டாயம் வேண்டும். குளம் என்பது மழைநீரைத் தேக்கி வயலுக்குப் பாய்ச்சும் நீர்த்தேக்கம், காலபோகம் மாரி மழையில் செய்வது, சிறுபோகம் தேங்கிய நீரில் செய்வது என்று எழுதாவிட்டால் வெளிநாட்டு மதிப்பாய்வாளருக்கு உங்கள் தரவு ஏன் போகவாரியாக இரண்டாகப் பிரிகிறது என்று புரியாது.

வரைபடங்களைத் திரைப்பிடிப்பாக ஒட்டாதீர்கள். வரைபடம் வரைய பைத்தனின் மாட்பிளொட்லிப் பயன்படுத்துபவர்கள் பிடிஎஃப் ஆகச் சேமிக்கும்போது எழுத்துரு வகை அமைப்பை 3இலிருந்து 42க்கு மாற்றுங்கள். இயல்பு நிலை 3. அந்த வகை எழுத்துரு உள்ள கோப்பை ஐட்ரிபிள்ஈயின் சோதனைக் கருவி திருப்பி அனுப்பும், அதுவும் இறுதிப் பிரதி கொடுக்கும் அவசரத்தில்.

மேற்கோள்களைக் கூகிள் ஸ்கொலரிலிருந்து எடுத்தால் ஒவ்வொன்றையும் சரிபாருங்கள். தலைப்பில் உள்ள தமிழ் போன்ற பெயர்ச்சொற்களின் பெரிய எழுத்து பட்டியலில் சிறியதாகிவிடும், நெளிவு அடைப்புக்குள் இட்டால் நிற்கும். செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் மேற்கோள் கேட்கவே வேண்டாம். இல்லாத கட்டுரையை இருப்பதுபோல் தரும். மொழி திருத்த அதைப் பயன்படுத்தினால் மாநாடு கேட்கும் இடத்தில் அதை எழுதுங்கள்.

வரைவைப் பல்கலைக்கழக ஒப்புமை சோதனைக்குக் கொடுக்கும்போது களஞ்சியத்தில் சேமிக்காமல் சோதிக்கச் சொல்லுங்கள். சேமித்தால் அடுத்த சோதனையில் உங்கள் கட்டுரை உங்கள் கட்டுரையோடே பொருந்தும்.

## 8. தமிழ் எழுத்து வரும் கட்டுரைகள்

ஐட்ரிபிள்ஈ டெம்ப்ளேட்டை வழக்கமாகத் தொகுக்கும் பிடிஎஃப்லேடெக் தமிழைக் காட்டாது. சீலேடெக் அல்லது லுவாலேடெக் என்று மாற்றி, நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற யூனிகோட் எழுத்துருவையும் அதன் எழுத்துமுறை தமிழ் என்பதையும் குறிப்பிட்டால் கொம்புகள் சரியான இடத்தில் விழும். தொகுத்த பிடிஎஃப்பில் “கொ”, “ஸ்ரீ” இரண்டையும் பெரிதாக்கிப் பாருங்கள். அவை சரியென்றால் மற்றவையும் பெரும்பாலும் சரி.

நம் பகுதியில் இன்னும் நிறைய ஆவணங்கள் யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் இருக்கின்றன. பாமினியில் “அ” என்று கண்ணுக்குத் தெரிவது உள்ளே ஆங்கில எம் எழுத்து. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். இப்படிப்பட்ட தரவை மாதிரிக்குக் கொடுக்கும் முன் யூனிகோடுக்கு மாற்றி, நூறு வரியையாவது கண்ணால் ஒப்பிடுங்கள். ஆங்கிலமும் தமிழும் கலந்த வரிகளில் மாற்றும் கருவி ஆங்கிலச் சொற்களையும் தமிழாக்கிக் குழப்பிவிடும். எத்தனை வரி அப்படிப் பழுதாகி நீக்கப்பட்டது என்பதையும் கட்டுரையில் எழுதுங்கள்.

ஒவ்வொரு தமிழ் உதாரணத்துக்கும் கீழே ஒலிபெயர்ப்பு ஒரு வரி, ஆங்கிலப் பொருள் ஒரு வரி. மதிப்பாய்வாளருக்குத் தமிழ் தெரியும் என்று எண்ணக்கூடாது.

## 9. பெயரை மறைத்தல்

இருபக்க மறைவு மதிப்பாய்வில், அதாவது எழுதியவரும் மதிப்பாய்வாளரும் ஒருவரையொருவர் அறியாத முறையில், நீங்கள் யார் என்று தெரிந்தால் வாசிக்காமலே நிராகரிப்பார்கள். ஆசிரியர் வரியை அழித்தால் போதாது. நன்றியுரை, நிதி உதவி எண், நெறிமுறைக் குழுவின் பெயர், உங்கள் கிட்ஹப் இணைப்பு, பிடிஎஃப் பண்புகளில் உள்ள ஆசிரியர் பெயர், படத்தில் தெரியும் பல்கலைக்கழகச் சின்னம், செயலியின் திரையில் உள்ள உங்கள் மின்னஞ்சல் ஆகிய அனைத்தையும் பாருங்கள். “எமது முந்தைய ஆய்வில்” என்பதை மூன்றாம் ஆள் எழுதியதுபோல் மாற்றுங்கள்.

குளங்களின் பெயரை மறைக்கத் தேவையில்லை, அது தரவின் பகுதி. “எமது பீடத்திலிருந்து இரண்டு கிலோமீற்றரில் உள்ள வயல்” என்பதைத்தான் எடுக்கவேண்டும்.

## 10. பதிவேற்றல்

ஒரு வாரம் முன்பே அரைகுறைப் பிரதியைப் பதிவேற்றுங்கள். மாநாடு பயன்படுத்தும் தளம் ஈசிசேர், சிஎம்டி, ஓப்பன் ரிவியூ எதுவானாலும் பெரும்பாலும் கடைசி நேரம் வரை கோப்பை மாற்றலாம். படிவத்தில் என்னென்ன கேட்கிறது என்று அப்போதுதான் தெரியும். ஏசிஎல் வழியில் பொறுப்பான ஆய்வு பற்றிய நீண்ட கேள்விப்பட்டியல் உண்டு, அதைப் பத்து நிமிடத்தில் நிரப்பமுடியாது.

கட்டுரை வகையில் குறுங்கட்டுரை என்பதைத் தெரிவுசெய்தீர்களா என்று மறுபடி பாருங்கள். நீள்கட்டுரையாக விழுந்தால் அந்த அளவுகோலால் அளப்பார்கள். ஆசிரியர் பெயரும் ஒழுங்கும் திகதிக்குப் பிறகு பெரும்பாலும் மாறாது. ஆகவே யார் முதலாவது என்பதை இப்போதே பேசி முடியுங்கள்.

பதிவேற்றிய பிறகு தளத்திலிருந்து அந்தக் கோப்பை இறக்கி, வேறொரு கணினியில் திறந்து கடைசிப் பக்கம் வரை பாருங்கள். பழைய வரைவு போயிருப்பது அப்போதுதான் தெரியவரும்.

## 11. விமர்சனத்துக்குப் பதில்

பதில் எழுத வாய்ப்புத் தந்தால் பொதுவாகச் சில நாள்தான். முதல் நாள் வாசியுங்கள், எழுதாதீர்கள். மதிப்பாய்வாளர் பிழையாக விளங்கிய இடத்துக்குப் பக்கமும் வரியும் காட்டுங்கள். அவர் சொன்னது சரியென்றால் ஒப்புக்கொண்டு என்ன மாற்றுவீர்கள் என்று சொல்லுங்கள். கேட்ட சிறு பரிசோதனையை அதற்குள் ஓட்டமுடிந்தால், விதிகளும் அனுமதித்தால், எண்ணைக் கொடுங்கள். நன்றி கூறலை ஒரு வரியில் முடியுங்கள்.

நிராகரித்தால் அந்தக் கருத்துகளின்படி திருத்தி அடுத்த மாநாட்டுக்கு. அதே மதிப்பாய்வாளர் அங்கேயும் வரக்கூடும், திருத்தாமல் அனுப்பியதை அவர் அறிவார்.

## 12. இறுதிப் பிரதியும் கட்டணமும்

ஏற்றுக்கொண்டால் வேலை முடியவில்லை. பெயர்களையும் நன்றியுரையையும் திரும்பச் சேர்க்கவேண்டும். ஐட்ரிபிள்ஈ மாநாடென்றால் பிடிஎஃப் எக்ஸ்பிரஸ் தளத்தில் மாநாடு தந்த அடையாளக் குறியீட்டைக் கொண்டு கோப்பைச் சோதித்து, அது திருப்பித் தரும் கோப்பைத்தான் பதிவேற்றவேண்டும். முதற்பக்க அடியில் பதிப்புரிமை வரி, பக்க எண் இல்லாமை, பதிப்புரிமைப் படிவம் மூன்றையும் ஒரே நாளில் முடியுங்கள். ஏசிஎம் என்றால் துறை வகைப்பாட்டுக் குறிகளும் சேர்க்கவேண்டும். ஏசிஎம் 2026 ஜனவரி முதல் முழுத் திறந்த அணுகலுக்கு மாறியிருக்கிறது. தொடர்பு ஆசிரியரின் நிறுவனத்தைப் பொறுத்துப் பிரசுரக் கட்டணம் வரலாம், ஆகவே அனுப்பும் முன்பே நூலகத்திலும் மாநாட்டிலும் கேளுங்கள்.

ஒரு ஆசிரியராவது குறித்த திகதிக்குள் பதிவுக் கட்டணம் கட்டவேண்டும். மாணவர் கட்டணம் போதுமா, கட்டுரை எழுதியவருக்கு முழுக் கட்டணமா என்று விதியை வாசியுங்கள், பல இடங்களில் முழுக் கட்டணம்தான். இலங்கை மாநாடுகளில் உள்ளூர்க்காரருக்கு ரூபாயில் தனிக் கட்டணம் இருக்கும். டொலரில் கட்டவேண்டுமென்றால் வங்கி அட்டை வெளிநாட்டு இணையக் கொடுப்பனவுக்குத் திறந்திருக்கிறதா என்று ஒரு வாரம் முன்பே கிளையில் கேட்டு உறுதிசெய்யுங்கள். பல்கலைக்கழகம் பணத்தைத் திருப்பித் தருமானால் அனுமதிக் கடிதம் கட்டும் முன்பே கையில் இருக்கவேண்டும், பற்றுச்சீட்டில் கட்டுரை எண்ணும் இருக்கவேண்டும்.

கட்டணம் கட்டிவிட்டுப் பேசப் போகாமல் விட்டால் ஐட்ரிபிள்ஈ மாநாடுகள் கட்டுரையை எக்ஸ்புளோரில் சேர்க்காமல் விடக்கூடும். இணையவழிப் பேச்சு அனுமதி உண்டா என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள். இணையவழியில் பேசுவதென்றால் பேச்சைப் பதிவுசெய்து முன்பே அனுப்பிவிட்டு, அன்றைக்குப் பல்கலைக்கழக இணைப்போடு கைபேசித் தரவையும் தயாராக வையுங்கள்.